பிவட் டேபிளை மாசா மாசம் புதுசா போடணுமா?

கேள்வி: கல்முனையில பிஸ்கட், சோப் விநியோகிக்கிற ஏஜென்சி ஒண்டில வேலை செய்றன். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எண்டு ஏரியாவுக்கு ஒரு ரெப் (விற்பனைப் பிரதிநிதி). எக்செல்ல மாசத்துக்கு ஒரு ஷீட் கிடக்கு. மாசம் முடிஞ்சா ஒவ்வொரு ரெப்புக்கும் தனித்தனியா பிவட் (டேட்டாவை கூட்டிச் சுருக்கிக் காட்டுற எக்செல் அட்டவணை) போட்டு, கலர் அடிச்சு முதலாளிக்கு குடுக்கணும், அதுக்கே ரெண்டு நாள் போயிருது. மெக்ரோ (எக்செல்ல வேலையை தானா செய்விக்கிற சின்ன ப்ரோகிராம்) படிச்சாத்தான் சரிவரும் எண்டு கூட வேலை செய்ற தம்பி சொல்றார். உண்மையா?
- வாசகி, கல்முனை

பதில்: மெக்ரோ இப்ப வேணாம் தங்கச்சி. உங்கட நேரத்தை தின்றது பிவட் இல்ல, மாசத்துக்கு ஒரு ஷீட் எண்டு பிரிச்சு வச்சிருக்கிறதுதான். எல்லாத்தையும் ஒரே ஷீட்டில ஒண்டுக்கு கீழ ஒண்டா போடுங்க, திகதி கொலம் இருந்தா மாசத்தை பிவட்டே பிரிச்சுத் தரும். பிறகு டேட்டாவுக்குள்ள ஒரு செல்ல கிளிக் பண்ணி கண்ட்ரோல் டி (Ctrl+T) அடிச்சு டேபிள் ஆக்கி, அதில இருந்து ஒரே ஒரு பிவட் போடுங்க. அடுத்த மாச விற்பனையை அடியில பேஸ்ட் பண்ணினா டேபிள் தானா நீளும், நீங்க டேட்டா டேபுக்கு போய் ரிஃப்ரெஷ் ஆல் குடுத்தா காணும்.

இனி ரெப் ரெப்பா பிரிக்கிற வேலை. ரெப் பேரை பிவட்டில ஃபில்டர் பெட்டிக்குள்ள இழுத்து விடுங்க, கலர், தலைப்பு எல்லாம் அந்த ஒண்டிலயே சரிபண்ணிப்போட்டு மேல பிவட் டேபிள் அனலைஸ் டேபுக்கு போங்க, இடப்பக்க மூலையில ஒப்ஷன்ஸ் எண்டு இருக்கும். பட்டனை அமத்தாதீங்க, அமத்தினா வேற பெட்டி ஒண்டு திறக்கும், பக்கத்தில இருக்கிற குட்டி அம்புக்குறியை அமத்தி ஷோ ரிப்போர்ட் ஃபில்டர் பேஜஸ் எண்டதை குடுத்தா ஒவ்வொரு ரெப்புக்கும் அவர்ட பேரிலயே ஒரு ஷீட் வந்து நிக்கும். அடுத்த மாசம் ரிஃப்ரெஷ் பண்ண எல்லாம் சேர்ந்து மாறும். புது ரெப் வந்தா மட்டும் பழைய ஷீட்டுகளை அழிச்சுப்போட்டு திரும்ப ஒருக்கா குடுங்க, அது தானா வராது.

இதில மினக்கெட வேண்டிய இடம் ஊர்ப்பேர். ஒருத்தர் அக்கரைப்பற்று எண்டு அடிப்பார், மற்றவர் அக்கரைப்பத்து எண்டு அடிப்பார், இன்னொருத்தர் சரியாத்தான் அடிச்சிருப்பார் ஆனா கடைசியில ஒரு ஸ்பேஸ் விட்டிருப்பார். எங்களுக்கு ஒரே ஊர், பிவட்டுக்கு மூண்டு ஊர், மொத்தமும் மூண்டா உடையும். டேட்டா வேலிடேஷன்ல லிஸ்ட் போட்டு, ஊரை அதில இருந்து தெரிவு செய்ய வையுங்க. வேற இடத்தில இருந்து கொப்பி பண்ணி பேஸ்ட் பண்ணினா அந்த லிஸ்ட் தடுக்காது, அதுக்கு நீங்கதான் கண் வைக்கணும்.

இன்னொண்டு, ரெப் மாருக்கு அந்த எக்செல் ஷீட்டை வெட்டி அனுப்பாதீங்க, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க. ஷீட்டில நிந்தவூர் ரெப்ட கணக்கு மட்டும் தெரிஞ்சாலும் பின்னால முழு டேட்டாவும் சேர்ந்துதான் போகுது, அவர் ஃபில்டரை மாத்தி பொத்துவில் ரெப்ட விற்பனையையும் பார்க்கலாம், மொத்தத்தில டபுள் கிளிக் பண்ணினா வரி வரியாவே வந்து விழும். கமிஷன் சண்டைக்கு இது போதும்.

கேள்வி: ரிஃப்ரெஷ் பண்ற நேரமெல்லாம் பிவட்டில கொலம் அகலம் குழம்புது, என்ன செய்ற?
- வாசகர், ஏறாவூர்

பதில்: பிவட்டில ரைட் கிளிக் பண்ணி பிவட் டேபிள் ஒப்ஷன்ஸ் போங்க. ஓட்டோஃபிட் கொலம் விட்த்ஸ் ஒன் அப்டேட் எண்டதில இருக்கிற சரி அடையாளத்தை எடுத்துவிடுங்க, அதுக்கு கீழ இருக்கிற ப்ரிசர்வ் செல் ஃபோர்மட்டிங்கை தொடாதீங்க. ரூபாய்க்கு கொமா போடுறதெண்டாலும் ஃபோர்மட் செல்ஸ்ல போடாம, ரைட் கிளிக்ல வாற நம்பர் ஃபோர்மட்ல போடுங்க, அப்ப புது வரி வந்தாலும் கொமாவோடயே வரும்.