மேசை மேல் ரயில்: வாசகர் கேள்விகளுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் பதில்கள்

(மாதிரி ரயில் அமைப்பவர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் பதிலளிக்கும் பகுதி)

கேள்வி: 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட் பலகையில் 1:87 அளவில் ரயில் பாதை அமைத்திருக்கிறேன். வெளிவட்டம், உள்வட்டம், நடுவில் ஒரு மேம்பாலம், ரயிலை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாயிண்ட்டுகள் ஒன்பது. வளைவுகளின் ஆரம் 360 மி.மீ. ஐ.சி.எஃப். (பழைய வகைப் பயணிகள்) பெட்டிகள் வளைவில் தடம்புரள்கின்றன. ஐந்து பெட்டிகளோடு எஞ்சின் பாலம் ஏற மறுக்கிறது. பலகை அறையின் மூலையில் இருப்பதால் அந்தக் கோடிக்குக் கை எட்டுவதில்லை. அறை 11 அடிக்கு 10 அடி. பாதி அறையைப் பலகையே பிடித்துக்கொண்டது என்பது மனைவியின் புகார். எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் போடப் போகிறேன். இம்முறை இன்னொரு வட்டம் சேர்க்க முடியுமா? - வாசகர், ஈரோடு

பதில்: முடியாது. முடிந்தாலும் வேண்டாம். பாயிண்ட்டுகளை எண்ணி எழுதிய நீங்கள், உங்கள் ரயில் எந்த ஊரில் கிளம்பி எந்த ஊருக்குப் போகிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதை முடிவு செய்யாமல் பாதை போட உட்காருபவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது வட்டம்தான். அது அலுத்ததும் இன்னொரு வட்டம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் அகலப்பாதையில் 10 டிகிரிக்கு மேற்பட்ட வளைவு கூடாது. 10 டிகிரி என்றால் ஆரம் 175 மீட்டர். 87-ஆல் வகுத்தால் உங்கள் அறையில் 2 மீட்டர். நீங்கள் போட்டிருக்கும் 360 மி.மீ. அசலில் 31 மீட்டர். அந்த வளைவில் டவுன் பஸ் திரும்பும், எக்ஸ்பிரஸ் திரும்பாது. வீட்டில் 2 மீட்டர் ஆரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு சமரசம் உண்டு. உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை அளந்து, அதைப் போல மூன்று மடங்கு ஆரம் வையுங்கள். ஐ.சி.எஃப். பெட்டி அசலில் 21.3 மீட்டர், மாதிரியில் 24.5 செ.மீ. ஆக, 75 செ.மீ. ஆரம் வைத்தால் பெட்டிகள் தடத்தில் நிற்கும். வளைவில் ஒன்றின் மூலை இன்னொன்றை இடிக்காது. நாளைக்கு எல்.எச்.பி. (புதிய வகைப் பயணிகள்) பெட்டி வாங்கும் ஆசை இருந்தால் அது 27 செ.மீ. என்பதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேம்பாலம். கீழ்ப்பாதைத் தண்டவாளத்துக்கு மேலே 75 மி.மீ. இடைவெளி வேண்டும். பாலத்தின் கனம் 15 மி.மீ. என்றால் மொத்தம் 90 மி.மீ. ஏற வேண்டும். மாதிரி எஞ்சின் சிரமப்படாமல் ஏறக்கூடியது 50-க்கு 1, அதாவது 50 பங்கு நீளத்துக்கு 1 பங்கு உயரம். அப்படியானால் ஏறுவதற்கு 4.5 மீட்டர், இறங்குவதற்கு 4.5 மீட்டர். உங்கள் வெளிவட்டத்தை முழுதாகச் சுற்றி வந்தாலே 6 மீட்டர் தேறாது. நீங்கள் போட்டிருக்கும் ஏற்றம் குறைந்தது 30-க்கு 1 இருக்கும், அதுவும் வளைவின் மேல். மும்பை-புனே வழியிலுள்ள போர் காட் மலைப்பாதையில் 37-க்கு 1 ஏற்றத்துக்கே ரயிலின் பின்னால் பாங்கர் எஞ்சின்கள் சேர்ந்து தள்ளுகின்றன. உங்கள் எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாலத்தை எடுத்துவிடுங்கள்.

பலகையையும் எடுத்துவிடுங்கள். 8-க்கு 4 என்பது மரக்கடைக்காரர் வைத்த அளவு; ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு பக்கமாக நின்று வேலை செய்யும்போது கை வசதியாக எட்டுவது 60 செ.மீ. அதற்கு அப்பால் பாயிண்ட் வைத்தால், பழுதாகும் நாளில் சிக்னல் கம்பத்தை முழங்கையால் முறித்துக்கொண்டுதான் அதைத் தொட முடியும். சுவரோரமாக 45 செ.மீ. அகலத்தில், நெஞ்சு உயரத்தில், 'ட' வடிவத்தில் ஒரு தட்டு அமையுங்கள். அடியில் பீரோவோ மேசையோ போட்டுக்கொள்ளலாம், வீட்டில் சமாதானமும் வரும்.

இனி ஊர். நீங்கள் ஈரோட்டுக்காரர். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் உங்கள் ஊர் வழியாகத்தான் மேட்டுப்பாளையம் போகிறது. அந்த மேட்டுப்பாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. அகலப்பாதை அங்கே முடிகிறது, மலை ரயிலின் மீட்டர் கேஜ் அங்கே தொடங்குகிறது. ரயிலுக்கு வந்து சேர ஒரு காரணமும், வந்த பிறகு செய்ய வேலையும் இருக்கிறது.

11 அடிச் சுவரில் ஸ்டேஷன். 10 அடிச் சுவரில், வானம் தீட்டிய அட்டைக்குப் பின்னால், ரயில் கண்ணில் படாமல் காத்து நிற்க, இரண்டு லைன் மட்டும் உள்ள ஒளிவு யார்டு. அதற்குக் கோயம்புத்தூர் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் 75 செ.மீ. ஆரத்தில் ஒரே ஒரு வளைவு. ஐந்து பெட்டிகளும் ஒரு எஞ்சினும் சேர்ந்தால் 1.45 மீட்டர். மூலை வளைவுக்கு இரு சுவரிலும் 85 செ.மீ. விட்டது போக, ஸ்டேஷனுக்கு 2.5 மீட்டரும் யார்டுக்கு 2.2 மீட்டரும் மிஞ்சும். பிளாட்பாரம் லைன், பக்கத்தில் எஞ்சின் கழன்று வர ஒரு எஸ்கேப் லைன், கோடியில் எஞ்சின் நிற்க 30 செ.மீ., எல்லாம் இதற்குள் அடங்கும். சரக்கு வேகன் நிறுத்த ஒரு சைடிங் (கிளை லைன்) சேர்த்தாலும் மொத்தம் நான்கு பாயிண்ட்டுகள் போதும். இருக்கும் ஒன்பதிலிருந்து நான்கை எடுக்கும்போது அவற்றின் ஆரத்தையும் பாருங்கள். பழைய வளைவைப் போலவே குறுகியது என்றால், 36 அங்குல ஆரத்தில் புதிதாக நான்கு வாங்குவதே மேல்.

இப்போது ஓட்டிப் பாருங்கள். ரயில் பிளாட்பாரத்துக்கு வருகிறது. எஞ்சினைக் கழற்றி, முன்னால் நகர்த்தி, பாயிண்ட் மாற்றி, எஸ்கேப் லைன் வழியாக மறுகோடிக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். சைடிங்கில் சரக்கு வேகன் நின்றால் அதையும் ஒதுக்க வேண்டும். ஒரே எஞ்சின், ஒரே ரேக் (பெட்டித் தொடர்), அரை மணி நேரத்துக்குக் கைநிறைய வேலை. இரண்டு வட்டத்தில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் ஐந்தாவது நிமிடம் கொட்டாவி வரும்.

மலைப்பாதைக்கு 12 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளம் போடுங்கள். பல்சக்கரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். 12-க்கு 1 ஏற்றமும் நடுவிலே பல் வைத்த தண்டவாளமும் கல்லாறு தாண்டிய பிறகுதான் வருகின்றன. மேட்டுப்பாளையத்தில் பாதை சாதாரணமானது. இரண்டு அடி போய் பாக்கு மரங்களுக்கு நடுவே மறைந்துவிட்டால் போதும். மலை ரயிலை ஓட்ட முடியாவிட்டாலும் கவலை இல்லை, அட்டையில் நீலப் பெட்டிகள் செய்து நிறுத்தி வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எஞ்சின் குன்னூர்ப் பக்கத்தில் இருக்கக்கூடாது. மலையேறும்போது அது பின்னால் நின்று தள்ளுகிறது. தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஸ்கார்ம், எனிரெயில் போன்ற மென்பொருளில் வரைவதாக இருந்தால் வரையுங்கள். ஆனால் ஆணி அடிப்பதற்கு முன், தரையில் ஆணியும் கயிறும் வைத்துக் கோலமாவால் வளைவைப் போட்டு, பெட்டிகளை அதன்மேல் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். திரையில் வரைபவர்கள் தவறாமல் ஏமாறும் இடம் ஃபவுலிங் மார்க். இரண்டு லைன்கள் பிரியும் இடத்தில், பக்கத்து லைன் ரயிலோடு உரசாமல் பெட்டி நிற்கக்கூடிய எல்லை அது. லைனின் முழு நீளத்தையும் ரயில் நிற்கும் நீளமாக எண்ணிவிட்டால், கடைசிப் பெட்டி பாயிண்ட் மேலேயே நிற்கும். இன்னொன்று, ஸ்டேஷன் தரைக்கு ரசமட்டம் வையுங்கள். அசல் யார்டிலேயே 400-க்கு 1-க்கு மேல் சரிவு வைக்கக் கூடாது, வேகன் தானாக உருண்டுவிடும் என்பதால். மாதிரி வேகன்களும் உருளும்.

கேள்வி: 1:87 அளவில் நமது அகலப்பாதையின் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி) 19 மி.மீ.-க்கு மேல் வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5 மி.மீ. இந்திய எஞ்சினை அதில் ஓட்டுவது சரியா? - வாசகர், பெங்களூரு

பதில்: கணக்கு சரி. 1,676 மி.மீ.-ஐ 87-ஆல் வகுத்தால் 19.26 வரும். 16.5 என்பது 1,435 மி.மீ. கேஜுக்கு உரியது. எஞ்சினை நேர் எதிரே நின்று பார்த்தால் கால் ஒடுங்கித் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. தண்டவாளம், பாயிண்ட், சக்கரம் எல்லாவற்றையும் 19-க்குக் கையால் செய்யும் பொறுமை இருந்தால் செய்யுங்கள், நான் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன். இல்லாவிட்டால் 16.5-ல் ஓட்டிக்கொண்டு, கண் மட்டத்தில் பக்கவாட்டாகப் பார்க்கும்படி தட்டை அமையுங்கள்.

கேள்வி: ரயிலைத் திருப்ப ஒரு வளையம் போட்டேன். அதை இணைத்ததும் மின்சாரம் நின்றுவிடுகிறது. - வாசகர், திருச்சி

பதில்: போன லைனிலேயே திரும்பி வரும் வளையத்தில் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு போய்ச் சேரும். அது நேரடியான ஷார்ட் சர்க்யூட். வளையத்தின் இரு முனையிலும், இரண்டு தண்டவாளங்களிலும் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் ஜாயினர் (தண்டவாள இணைப்பான்) போட்டுப் பிரியுங்கள். பிரித்த பகுதி உங்கள் முழு ரயிலையும்விட நீளமாக இருக்க வேண்டும். சாதாரண மின்சாரத்தில் ஓட்டினால் இருவழிச் சுவிட்ச் ஒன்று போதும். டிஜிட்டல் கட்டுப்பாடு என்றால், பிளஸ், மைனஸைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ரிவர்ஸர் கருவி கிடைக்கிறது.

கேள்வி: பாம்பன் பாலம் செய்ய ஆசை. பழையதா, புதியதா? எவ்வளவு இடம் வேண்டும்? - வாசகர், ராமநாதபுரம்

பதில்: முழுப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல். மாதிரியில் 23 மீட்டரைத் தாண்டும். கல்யாண மண்டபம் பிடித்தால் செய்யலாம். வீட்டில் என்றால் கப்பலுக்கு வழிவிடும் பகுதியை மட்டும் முழு அளவில் செய்து, இருபுறமும் நாலைந்து கர்டர்களோடு நிறுத்திவிடுங்கள். 2025-ல் திறந்த புதிய பாலத்தின் தூக்கு கர்டர் 72.5 மீட்டர், அதாவது 83 செ.மீ. அது 17 மீட்டர் உயரம் எழுகிறது. உங்களுக்கு 20 செ.மீ. நேராக மேலே போய் நேராக இறங்குவதால் இரண்டு பக்கமும் நூல், கப்பி, எதிர் எடை வைத்து இயக்கிவிடலாம். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் இரண்டு கைகளும் உருண்டுகொண்டே நிமிரும் ஷெர்ஸர் அமைப்பு. பார்க்க அதுதான் அழகு. மாதிரியில் இரண்டு நுனிகளும் மறுபடி நேருக்கு நேர் வந்து சேராமல் உயிரை எடுக்கும். ரயில் ஓட வேண்டுமானால் புதியது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமானால் பழையது.

கேள்வி: கடற்கரைக்கு அருகே வீடு. தண்டவாளம் கறுத்து, எஞ்சின் விட்டு விட்டு ஓடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? - வாசகர், சென்னை

பதில்: கூடவே கூடாது. உப்புத்தாள் போடும் கீறலில்தான் அடுத்த வாரம் அழுக்கு சேரும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். தண்டவாளத்தின் உலோகம் என்னவென்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, கடற்காற்றில் அது துருப்பிடித்தே தீரும், நிக்கல் சில்வருக்கு மாறுங்கள். மின்சாரத்தை ஜாயினர்களை நம்பி அனுப்பாமல், ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனிக் கம்பி சால்டர் செய்யுங்கள். பாதி வீடுகளில் அழுக்கு என்று நினைப்பது தளர்ந்த ஜாயினராகத்தான் இருக்கிறது.

கேள்வி: எனக்கு 12 வயது. படிப்பு மேசைக்கு மேல் 5 அடி நீளம், 1 அடி அகலத்தில் ஒரு பலகை மட்டும் தருவதாக அப்பா சொல்கிறார். அதில் என்ன ரயில் ஓட்ட முடியும்? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: அப்பாவிடம் உடனே சரி என்று சொல்லிவிடு, மனம் மாறிவிடப் போகிறார். இங்கிலாந்தில் இங்கிள்நுக் சைடிங்ஸ் என்று ஒரு ஷண்டிங் (வேகன்களை இடம் மாற்றிச் சேர்க்கும்) புதிர் உண்டு. இரண்டே பாயிண்ட்டுகள், மூன்று சைடிங்குகள். ஒன்றில் ஐந்து வேகன்கள் நிற்க இடம், மற்ற இரண்டில் மும்மூன்று. எதிர்ப்பக்கம், எஞ்சின் முன்னும் பின்னும் போய்வர ஒரு ஷண்டிங் நெக். அதில் எஞ்சினும் மூன்று வேகன்களும் மட்டும் கொள்ள வேண்டும், ஒரு வேகன்கூட அதிகம் கூடாது. 10 செ.மீ. நீளமுள்ள நாலுசக்கர வேகன்களும் சின்ன எஞ்சினும் வைத்தால் உன் பலகைக்குச் சரியாக இருக்கும்.

மொத்தம் எட்டு வேகன்கள் மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் எண் எழுது. எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடு. எடுத்த வரிசைப்படியே ஐந்து வேகன்களையும் பெரிய சைடிங்கில் சேர்க்க வேண்டும், கையால் தூக்கக் கூடாது. எத்தனை விதமான வரிசை வரும் என்று நீயே பெருக்கிப் பார்: 8 × 7 × 6 × 5 × 4. விடை 6,720. சீட்டுக் குலுக்குவதை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, எஞ்சினை நீ வைத்துக்கொள்.