லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயிலை மாற்றலாமா, கூடாதா?

கேள்வி இது: பத்து வருஷத்துக்கு மேலான ஆட்டோமேட்டிக் கார், 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது, கியர் ஆயில் மாற்றியதாகத் தெரியவில்லை. இப்போது மாற்றலாமா என்று கேட்டால், "இத்தனை நாள் மாற்றாததை இப்போ மாத்தினா கியர்பாக்ஸே போயிடும்" என்று மெக்கானிக் சொல்கிறார்.

மாற்றலாம். மாற்றுங்கள். ஆனால் எப்படி மாற்றுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பீர்கள், பழைய சர்வீஸ் பில் எதுவும் கையில் இருக்காது. "ஆட்டோமேட்டிக்கா, ஐயோ, ரிப்பேர் வந்தா லட்சக்கணக்கில் ஆகுமே" என்று சொல்வதற்கென்றே வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பார். எங்கள் வீட்டிலும் இருக்கிறார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இங்கே ஆட்டோமொபைல் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், "டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை" என்று கமெண்ட் போடுவீர்கள். போடுங்கள். என் வண்டி அந்த ஆயில் மாற்றிய பிறகு ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது.

வண்டி அப்பாவுடையது. 2010 ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். அப்பா பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் கிளட்ச் மிதிக்க முடியாது என்று ஆட்டோமேட்டிக் எடுத்தார். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பார். டயர் மாற்றியது, பேட்டரி மாற்றியது, வைப்பர் ரப்பர் மாற்றியது, 20 ரூபாய்க்குக் காற்று அடித்தது வரை அதில் இருக்கும். பத்து வருஷத்து நோட்டில் கியர் ஆயில் என்ற வார்த்தை மட்டும் இல்லை. கேட்டால், சர்வீஸுக்கு விட்ட இடத்தில் "ஆட்டோமேட்டிக்கில் அதெல்லாம் மாத்த வேண்டியதில்ல சார்" என்றார்களாம். வண்டியோடு வந்த மேனுவலில் மாற்றச் சொல்லித்தான் போட்டிருக்கிறது. அதை நாங்கள் யாரும் படிக்கவில்லை. தப்பு எங்களுடையது, வண்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

2021இல், 1,08,000 கி.மீ. வாக்கில், தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி தாண்டிப் போகும்போது ஓர் உதறல். சாலையில் வேகத்தைக் குறைக்க வரிசையாக வெள்ளைக் கோடு போட்டிருப்பார்களே, அதன்மேல் ஓட்டினால் வருமே ஒரு தடதட, அதேதான். ஆனால் ரோட்டில் கோடு இல்லை. அறுபது கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்திருந்தால் மட்டும் வரும். அழுத்தி மிதித்தால் போய்விடும்.

ஊரிலேயே பெரிய மல்டி பிராண்ட் பட்டறை ஒன்றில் காட்டினேன். வீல் பேலன்ஸிங் என்றார்கள், செய்தேன். ஸ்பார்க் பிளக் என்றார்கள், நான்கையும் மாற்றினேன். இன்ஜின் மவுண்டிங் என்றார்கள், அதையும் மாற்றினேன். பதினாலாயிரம் ரூபாய் போனது, உதறல் போகவில்லை. கடைசியில் "கியர்பாக்ஸ் ஓவர்ஹால் பண்ணணும் மேடம், ஒண்ணேகால் லட்சம் ஆகும். சாரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றார்கள். எந்த சாரை? வண்டி ஓட்டுவது நான், பணம் கட்டுவது நான். என் வீட்டுக்காரருக்குக் கார் பானட்டைத் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவரைக் கூட்டிப்போய் நிறுத்தினால் அவரிடம் விளக்கமாகச் சொல்கிறார்கள், அவர் தலையாட்டுகிறார், வெளியே வந்து என்னிடம் "என்ன சொன்னாங்க?" என்கிறார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது அப்பாதான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர், உதறல் வந்ததும், "அம்மாடி, ஆக்சிலரேட்டரை விடாத. பிரேக்கை இடது காலால சும்மா தொடு, மிதிக்காத" என்றார். காலி ரோடு, பின்னால் வண்டி எதுவும் இல்லை. தொட்டேன். உதறல் சட்டென்று நின்றது. காலை எடுத்தேன், இரண்டு நொடியில் மறுபடி தடதட.

இதற்குக் காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. இந்த வகை ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஆயில்தான். ஒரே சீராக ஓடும்போது ஆயிலில் வழுக்கி பெட்ரோல் வீணாகாமல் இருக்க, உள்ளே ஒரு சின்ன கிளட்ச் பிடித்து இரண்டையும் பூட்டிவிடும். லாக்-அப் என்பார்கள். பிரேக் தொட்டால் அந்தப் பூட்டு விலகிவிடும். ஆயில் பழசானால், அந்த கிளட்ச் வழுவழுப்பாகப் பிடிப்பதற்காக ஆயிலில் சேர்த்திருக்கும் சரக்கு தீர்ந்துபோகிறது. அப்போது கிளட்ச் ஒரே பிடியாகப் பிடிக்காமல், பிடித்து வழுக்கி, பிடித்து வழுக்கி, வண்டியை உதறவைக்கிறது. ஆயிலுக்கு எமன் சூடு. பத்து டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். திருச்சி மே மாதத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போன வண்டிக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருமுனையில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போய் ஆயிலை மட்டும் மாற்றித் தாருங்கள் என்றேன். "வேணாம்க்கா. பழைய ஆயில்லயே ஓடட்டும்" என்றார். ஏன் என்று விடாமல் கேட்டதும் உண்மையைச் சொன்னார்: "நான் கைவச்சு, அடுத்த வாரம் நின்னுபோச்சுன்னா என் தலையிலதான விழும்?"

உங்கள் மெக்கானிக் சொல்வதும் இதுதான், வேறு வார்த்தையில். கியர் வழுக்க ஆரம்பித்து, கிளட்ச் தட்டெல்லாம் தேய்ந்து முடிந்த பிறகுதான் பாதிப் பேருக்கு ஆயில் ஞாபகமே வருகிறது. மாற்றுகிறார்கள். ஏற்கெனவே சாகக் கிடந்தது செத்துப்போகிறது. பழி புது ஆயிலுக்கும் கடைசியாகத் தொட்டவனுக்கும். பாயின் பயம் நியாயமான பயம். ஆனால் அது அவருடைய பயம், நம் கியர்பாக்ஸுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டோம். ஆயில் நான் வாங்க வேண்டும், பழைய ஆயிலை வடிக்கும் அடிப்பக்கப் பிளக்கை நானே திறக்க வேண்டும், அவர் பக்கத்தில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில். ரேம்ப் இரண்டைக் கொண்டுவந்து முன்சக்கரத்தை ஏற்றினார். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நோட்டோடு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடியில் இன்ஜின் ஆயில் பிளக்கும் கியர்பாக்ஸ் பிளக்கும் தனித்தனி. மாற்றித் திறந்து, கியர் ஆயிலை வடித்துவிட்டு இன்ஜினில் இரட்டிப்பு ஆயில் ஊற்றிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. என் வண்டியில் கியர்பாக்ஸ் பிளக்கின் நடுவில் சதுரப் பள்ளம் இருக்கும், 3/8 அங்குல ராட்செட்டின் முனை அப்படியே உள்ளே போய் உட்காரும். பாயிடம் இருந்ததெல்லாம் அரை அங்குலம். நல்லவேளை, அப்பா முன்கூட்டியே சொல்லி ஆன்லைனில் வாங்கியிருந்தேன்.

திறந்ததும் வந்ததைப் பார்த்து மூவருமே பேசவில்லை. புது ஆயில் நன்னாரி சர்பத் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். வந்தது காய்ச்சிய கருப்பட்டிப் பாகு. பிளக்கின் முனையில் ஒரு காந்தம் உண்டு, உள்ளே தேயும் இரும்புத் தூளைப் பிடித்துவைக்க. அதன்மேல் விபூதியைத் தண்ணீரில் குழைத்து அப்பியது போல் சாம்பல் நிறத்தில் பசை. பாய் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "நெறநெறன்னு இல்ல. சில்லு வந்திருந்தாதான் கவலைப்படணும். பயப்படாதீங்கக்கா" என்றார். கருகிய நாற்றமும் இல்லை.

வடிந்ததைப் பழைய தண்ணீர் பாட்டில்களில் அளந்தோம். இரண்டரை லிட்டர். மிச்சம் அந்த டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் மற்ற சந்துபொந்துகளிலும் நின்றுவிடும். மொத்தம் தோராயமாக ஆறு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு நாற்பது சதவீதம்தான் மாறுகிறது. இந்த இடத்தில் கணக்கு டீச்சர் பேசிக்கொள்கிறேன். பால் குடத்திலிருந்து கொஞ்சம் பாலை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றும் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? பேங்க் பரீட்சையில் தவறாமல் வருமே, அதுதான். முதல் தடவைக்குப் பிறகு பழைய ஆயில் 60 சதவீதம், இரண்டாவதற்குப் பிறகு 36, மூன்றாவதற்குப் பிறகு 21.6. கிட்டத்தட்ட எண்பது சதவீதம் புதுசு.

அதையே ஒரே நாளில் செய்யாமல், ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஆயிரம் கி.மீ. ஓட்டினேன். மெஷின் வைத்து ஃபிளஷ் பண்ணுகிறேன் என்பவர்களிடம் கொடுக்கவில்லை. பத்து வருஷத்து அழுக்கை ஒரேயடியாகக் கிளப்பிவிட்டால் அது கியர்பாக்ஸுக்குள் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் மெல்லிய துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும் என்ற பயம்தான். எல்லா மெஷினும் பிரஷரில் அடிப்பதில்லை என்று ஒருவர் வருவார். சரி, இருக்கலாம். வடித்து ஊற்றுவதற்கு மெஷினே தேவையில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

ஆயில் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். கடைக்காரர் "எல்லாம் செவப்பு ஆயில்தான் மேடம், இதப் போடுங்க" என்று வேறொன்றை நீட்டினார். என் வண்டிக்கு டிடபிள்யூ-1. பழைய மேனுவலில் இசட்-1 என்று போட்டிருக்கும், அதற்குப் பதிலாக வந்தது இது. உங்கள் மேனுவலில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். உங்களுடையது சிவிடி, அதாவது கியருக்குப் பதில் பெல்ட் வைத்த ஆட்டோமேட்டிக் என்றால் அதற்கு ஆயிலே வேறு, இதை ஊற்றினால் கதை முடிந்தது. 2014இல் செலெரியோவோடு இங்கே பரவ ஆரம்பித்த ஏஎம்டி வகை என்றால், நான் சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அது உள்ளுக்குள் சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிக்க ஆளுக்குப் பதில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். உங்களுடையது எது என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. சில வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு (பான்) ஒன்று இருக்கும், கழற்றினால் ஃபில்டரும் வரும். அப்படியானால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சி இருக்குமே, அந்த டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக, நீளக் குழாய் மாட்டிய புனலில், வடித்த அதே அளவை ஊற்றினோம். பிளக்குக்குப் புது அலுமினிய வாஷர். பிறகு சமதரையில் இறக்கி, இன்ஜின் நன்றாகச் சூடான பின் அணைத்து, ஒன்று ஒன்றரை நிமிஷத்துக்குள் டிப்ஸ்டிக்கில் பார்க்க வேண்டும். இது ஹோண்டா முறை. இன்ஜின் ஓடும்போதே பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு.

முதல் தடவைக்குப் பிறகு உதறல் பாதியாகக் குறைந்தது. இரண்டாவதற்குப் பிறகு தேடினாலும் கிடைக்கவில்லை. மூன்றாவது, அப்பாவின் திருப்திக்காக. எல்லாம் சேர்த்து எட்டு லிட்டர் ஆயில், ஏழாயிரத்துச் சொச்சம். பாய் கூலி வாங்க மாட்டேன் என்றார், "நான் சும்மாதான நின்னேன்". வற்புறுத்திக் கொடுத்தேன்.

உங்கள் வண்டி ஏற்கெனவே வழுக்குகிறது, அதாவது இன்ஜின் இரைகிறது ஆனால் வண்டி போகவில்லை என்றால், ஆயில் மாற்றி அதைக் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. பிறகு வந்து என்னைத் திட்டாதீர்கள். அந்த மாதிரி இல்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டிக்குப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டதால் ஆர்சியைப் புதுப்பித்தேன். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். நன்றாக வைத்திருப்பவனுக்குத்தான் அபராதம். ஆனால் எனக்கு அதைவிட எரிச்சல் எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன். நாங்கள் பிளக்கைத் திறந்த மறுநாள் வாட்ஸப் குரூப்பில் பார்க்கிங் தரையின் போட்டோ, வட்டம் போட்டு, "காமன் ஏரியாவில் ஆயில் கறை, ஃபைன் ரூ.500". அந்தக் கறை இருப்பது செயலாளரின் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில். எங்கள் இடத்தில் பழைய பெட்ஷீட்டும் அட்டையும் விரித்திருந்தோம், ஒரு சொட்டு விழவில்லை. கறுப்பு இன்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று மெசேஜ் போட்டேன். ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை, மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். இரண்டாவது மாடிப் படிக்கட்டில் லைட் எரியாமல் ஏழு மாதம் கிடந்தது, அதற்கு யாருக்கு ஃபைன் போட்டார்கள்?

கட்டித் தொலைத்தேன். அப்பா அந்த ரசீதை வாங்கி நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறார், "கியர் ஆயில் – இதர செலவு" என்று தலைப்புப் போட்டு.