நெக்கைப் பார்த்து வாங்குங்கள், பிக்கப்பைப் பிறகு மாற்றலாம்

கேள்வி: எட்டு ஆண்டுகள் பழைய ஸ்குவையர் புல்லட் ஸ்ட்ராட் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று 9,000 ரூபாய்க்கு வருகிறது. வாசித்துப் பார்த்தபோது ட்யூனிங் நிற்கவில்லை. ஆம்பில் செருகியதும் இரைச்சல் கேட்டது. கையில் மொத்தம் 15,000 ரூபாய் இருக்கிறது. மீதிப் பணத்தில் ட்யூனர்களையும் பிக்கப்புகளையும் மாற்றிவிட்டால் நல்ல கிட்டார் ஆகிவிடுமா? (திருச்சி வாசகர்)

பதில்: எதை மாற்றலாம் என்று யோசிக்கும் முன், எதை மாற்ற முடியாது என்று பார்த்துவிடுங்கள். ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்), ட்யூனர் (தந்தியை இறுக்கும் முறுக்காணி), சுவிட்ச் எல்லாமே திருகைக் கழற்றி மாற்றக்கூடியவை. விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கைப்பகுதியான நெக்கையும் கழற்றலாம்தான், ஆனால் முறுக்கிக்கொண்ட நெக்குக்குப் பதிலாக வேறொன்று வாங்குவதற்கும், தேய்ந்த ஃப்ரெட்டுகளை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை) பிடுங்கிப் புதிதாக அடிப்பதற்கும் ஆகும் செலவு இந்தக் கிட்டாரின் விலையையே எட்டிவிடும். ஆகவே 9,000 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கப்போவது உண்மையில் ஒரு நெக்கை; மற்றவை அதோடு சேர்ந்து வருபவை.

நெக்கைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. தடித்த ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். இழுபட்ட தந்தியே அப்போது அளவுகோல் ஆகிவிடும். ஏழாவது ஃப்ரெட்டின் மேல் தந்திக்குக் கீழே ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, இடைவெளி இருந்தால் நல்லது. அதைவிட அதிகமாக வளைந்திருந்தாலும் பயமில்லை, ஆனால் நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைத் திருத்தும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட் திரும்ப வேண்டும். விற்பவரின் அனுமதியோடு, சரியான அளவுள்ள ஆலன் சாவியால் எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள்; திருகு முழுவதும் இறுகிப்போயும் வளைவு அப்படியே இருக்கிறதென்றால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடலாம். அடுத்து, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசித்துவிட்டு, 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே மெல்லிய தந்திகளை ஒரு முழுச் சுரம் பெண்ட் செய்து (பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தி) பாருங்கள். ஒலி அங்கே செத்துப்போனால் ஃப்ரெட்டுகள் சமமாக இல்லை. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் தந்தி அரித்த பள்ளம் லேசாக இருந்தால் ராவிச் சமன்செய்யலாம், ஆழமாக இருந்தால் முடியாது.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பும், ஜாக்கில் விட்டுவிட்டு வரும் ஒலியும் விலையைக் குறைக்கக் கேட்பதற்கான காரணங்கள் மட்டுமே. ‘ஜப்பான் மேக்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஸ்குவையர் 1982இல் ஜப்பானில் தொடங்கிய காலத்துக் கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள் என்பதால், அந்தப் பெயரைச் சொல்லி விலையை ஏற்றும் பழக்கம் உண்டு. எட்டே ஆண்டுகள் பழைய உங்கள் புல்லட் அந்தக் காலத்தைச் சேர்ந்ததல்ல.

இனி ட்யூனிங். பழி எப்போதும் ட்யூனர் மேல்தான் விழுகிறது, ஆனால் பெரும்பாலும் குற்றவாளி நட், அதாவது நெக்கின் நுனியில் தந்திகள் பள்ளங்களில் படிந்து செல்லும் சிறு பட்டை. ட்யூனரைத் திருப்பும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டால், தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகர்கிறது என்று பொருள். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தாலே பாதிக் குறை தீரும். பள்ளம் போதிய ஆழமாக இல்லாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) சற்றே ஏறி ஒலிக்கும், எஃப் கார்டு கையை வலிக்கும், நாம் நம் விரல்களையே நொந்துகொள்வோம். மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். மற்றொரு காரணம் மிதக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ், அதாவது ஒரு கம்பியால் அசைத்துச் சுரத்தை ஏற்றி இறக்கக்கூடிய பிரிட்ஜ். ட்ரெமலோ கம்பியை நீங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால், கிட்டாரின் பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரு திருகுகளையும் பிரிட்ஜ் உடலோடு படியும்வரை இறுக்கிவிடுங்கள். அதன்பின் புதுத் தந்திகள், 12ஆவது ஃப்ரெட்டில் 1.6 மில்லிமீட்டர் அளவில் தந்தி உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக ஒலிப்பது) சரிபார்ப்பு: இவ்வளவும் சேர்ந்ததுதான் செட்டப். உங்கள் பணத்தில் முதல் செலவு இதற்குத்தான் போக வேண்டும். இதற்குப் பிறகும் ட்யூனிங் நழுவினால், ட்யூனர்கள் பொருந்தியிருக்கும் நெக்கின் நுனியான ஹெட்டில் உள்ள துளையின் விட்டத்தை அளந்துகொண்டு ட்யூனர் வாங்குங்கள்.

இரைச்சலைப் பொறுத்தவரை, தந்திகளைத் தொட்டதும் அது குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் கிட்டாரின் கிரவுண்டு இணைப்பு சரியாக இருக்கிறது. சிங்கிள் காயில் பிக்கப் என்பது நீண்ட செம்புக் கம்பிச் சுருள் ஆதலால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலை ஓரளவு பிடிக்கவே செய்யும். தொட்டும் குறையவில்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்டு கம்பி விட்டுப்போயிருக்கலாம். அது ஒரு துளி ஈயப்பற்று வேலை. ஆம்ப் செருகியிருக்கும் சாக்கெட்டில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்பதையும் எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். இது இரைச்சலுக்காக மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்புக்காகவும்தான். கிட்டாரின் முன்பக்கத் தகடான பிக்கார்டின் அடியிலும் உட்குழியிலும் செம்பு டேப் ஒட்டி, அதைக் கிரவுண்டோடு இணைத்தால் சரசரப்பு குறையும். முனகல் முழுவதும் போகாது.

கடைசியாக, பிக்கப். விலை குறைந்த பிக்கப்புகள் பலவற்றில் இரும்புத் துருவங்களின் அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். விலை கூடியவற்றில் அல்னிகோ என்ற உலோகக் கலவைத் தண்டுகளே காந்தங்களாக இருக்கும். வேறுபாடு காதுக்குத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் சிறிய பயிற்சி ஆம்பில் வாசிக்கும்போது, பிக்கப்பின் இரு பக்கத் திருகுகளால் உயரத்தைத் திருத்துவதே கேட்கும்படியான மாற்றத்தைத் தந்துவிடும். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துத் தொடங்குங்கள். ஆறு மாதம் வாசித்த பிறகும் குறை தெரிந்தால் அப்போது மாற்றுங்கள். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (முனகலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) வேண்டுமென்றால், சிங்கிள் காயில் அளவிலேயே கிடைக்கும் ஹம்பக்கரை வாங்குங்கள். பிக்கார்டையும் மரத்தையும் வெட்ட வேண்டியிருக்காது. கம்பிகளைப் பிரிப்பதற்கு முன் உட்புறத்தைப் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய பாகங்களை ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். பாகம் மாற்றிய கிட்டாருக்குப் பழைய சந்தையில் யாரும் கூடுதல் விலை தருவதில்லை. விற்கும் நாளில் பழைய பிக்கப்புகளைத் திரும்பப் பொருத்திவிட்டு, புதியவற்றைத் தனியே விற்றுக்கொள்ளலாம்.