பைபாஸ் முடிந்து வீடு வந்தவருக்கு மனச்சோர்வு: போனிலேயே வைத்தியம் பார்க்கலாமா?

கேள்வி: அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 66 வயது. மதுரையில் பைபாஸ் செய்து கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. எக்கோ நன்றாக இருக்கிறதாம். ஆனால் நாளெல்லாம் பட்டாலையில் படுத்தே கிடக்கிறார். மனநல மருத்துவரிடம் வர மாட்டேன் என்கிறார். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். போனிலேயே சிகிச்சை தர முடியுமா?

பதில்: முடியும். இதய நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்த முறை இது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பைபாஸ் முடிந்து மனச்சோர்வில் இருந்த 302 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, நர்ஸ் ஒருவர் எட்டு மாதம் விடாமல் போன் செய்து கவனித்தார். அவர்களில் 50 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் அது 30 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 2009-ல் வெளிவந்த ஆய்வு. ஆண்களுக்குப் பலன் கூடுதல் என்பதையும் அப்பச்சிக்காகச் சொல்கிறேன்.

பலன் தந்தது போன் மட்டுமல்ல. பேசியவர் மாறவில்லை, குறித்த நாளில் பேசினார், கேட்டதை மருத்துவர்களிடம் கொண்டுபோனார். நீங்கள் கேட்டால் அப்பச்சி "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி ஆத்தாவிடம் போனைக் கொடுத்துவிடுவார். அதனால் பேசுபவர் மகளாக இல்லாமல் நர்ஸாகவோ ஆலோசகராகவோ இருக்கட்டும். "மனசு எப்படி இருக்கு?" என்று தொடங்கினால் வாய் திறக்க மாட்டார். தூக்கம், பசி, தையல் போட்ட இடத்து வலி, அப்புறம்தான் மனசு. மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று (PHQ-9) உண்டு. மொத்த மதிப்பெண் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடி போட்டுப் பார்த்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

"நடங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் நடக்க மாட்டார். இதய மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு, "நாளைக் காலை காபிக்கு முன்னால் வளவைச் சுற்றி நாலு சுற்று" என்று சொல்லச் சொல்லுங்கள். வீடியோவில் பேசும்போது மாத்திரை அட்டையை ஆத்தா காட்டட்டும். கிழிக்காத குமிழ்களை எண்ணினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் காரைக்குடி வரை போய்வரத்தான் வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சுருண்டு கிடப்பார்.

மாத்திரை தேவைப்பட்டால் செர்ட்ராலின் இதய நோயாளிகளிடம் நன்கு சோதிக்கப்பட்டது. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்கு அதனால் இரத்தக்கசிவு வாய்ப்பு சற்றுக் கூடும். எஸிட்டலோபிராம் என்றால் ஈசிஜி பார்த்துக்கொள்வது நல்லது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளைப் பெரும்பாலும் தவிர்க்கிறோம். எதுவானாலும் இதய மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்க வேண்டாம், பழைய மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

உடனே தொடங்க, ஆத்தாவின் போனிலிருந்து 14416-க்கு அழைக்கச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே அழையுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மனச்சோர்வு என்று நினைத்துக் காத்திருக்காமல் நேராக 108.