கல்யாண ப்ளவுஸுக்கு எந்தக் கழுத்து? மலையூர்ப் பெண்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தை முகூர்த்தம் வருகிறது. மார்கழிக்குள் தைக்கக் கொடுத்தால்தான் நிதானமாக அளவு பார்க்க முடியும் என்பதால் கார்த்திகையிலேயே கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: போனில் பார்த்த படத்தை வைத்துக் கழுத்து டிசைனை முடிவு செய்யாதீர்கள். அந்தக் கழுத்தின் மேல் என்ன நகை உட்காரப்போகிறது, மாலை எவ்வளவு தடிமன், பூ ஜடையா கொண்டையா, மேடையில் எத்தனை முறை குனிந்து எழ வேண்டும் என்று பாருங்கள். முடிவு அதிலிருந்துதான் வர வேண்டும்.

எனக்கு வட்ட முகம், கழுத்தும் கொஞ்சம் குட்டை. போட் நெக் ரொம்பப் பிடிக்கும். அம்மாவின் கல் அட்டிகையைத்தான் போடப்போகிறேன். இரண்டும் சேருமா? (குன்னூர்)

சேராதும்மா. போட் நெக் தோளிலிருந்து தோளுக்குக் கழுத்து எலும்பை ஒட்டியே ஓடும். அட்டிகை உட்காருவதும் அதே இடத்தில்தான். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் நடுவில் தோலே தெரியாது, கழுத்து இன்னும் குட்டையாகிவிடும். உங்களுக்குத் தாடைக்குக் கீழே மேலிருந்து கீழாக வெற்றிடம் வேண்டும். யு நெக் நல்லது. அடியில் லேசாக வளைத்த வி நெக் இன்னும் நல்லது. தோள் தையலிலிருந்து நேர் கீழே 6½ முதல் 7 அங்குலம் ஆழம் வைக்கலாம். அட்டிகையின் கீழ் விளிம்புக்கும் ப்ளவுஸ் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கட்டும்.

அட்டிகையைத் தையல்காரரிடம் அளவு கொடுக்கும் அன்றே கொண்டுபோங்கள். லாக்கரில் இருந்தால், ஒருமுறை எடுத்துக் கழுத்தில் போட்டு, தொண்டைக்குழியிலிருந்து அதன் கீழ் விளிம்பு வரை டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு அளவு போதும்.

போட் நெக் ஆசையை விட வேண்டியதில்லை. நம் பக்கம் பலருக்கு ரிசப்ஷன் முந்தின நாள் மாலையே வந்துவிடுகிறது. அன்றைக்கு போட் நெக் தைத்து, கழுத்தில் ஒன்றும் போடாமல் காதுக்குப் பெரிய ஜிமிக்கி மட்டும் போடுங்கள். கொண்டையை உயர்த்திப் போட்டால் கழுத்தும் நீளமாகத் தெரியும்.

மகள் முதுகு முழுக்கத் தெரிகிற மாதிரி பின் கழுத்து வேண்டும் என்கிறாள். என் மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். (கொடைக்கானல்)

அம்மா, இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உங்கள் உறவில் அண்மையில் நடந்த ஒரு கல்யாண வீடியோவைப் போடுங்கள். முகூர்த்தத்தில் பெண்ணின் முதுகு எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். நடு முதுகில் பூ ஜடை தொங்கும். தோளையும் பிடரியையும் மாலை மூடியிருக்கும். 10 அங்குலம் இறக்கித் தைத்தாலும் ஜடையின் இரண்டு பக்கமும் இரண்டு துண்டுதான் கண்ணில் படும். முதுகின் நடுவில் செய்த ஆரி வேலையை (கொக்கி ஊசியால் செய்யும் பூவேலை) அன்றைக்கு யாரும் பார்க்கப்போவதில்லை.

ஆனால் தாலி கட்டும் நேரத்தில் நாத்தனார் ஜடையையும் மாலையையும் ஒதுக்கிப் பிடிப்பார், கேமரா கிட்டே வரும். அப்போது தெரிவது பிடரியும் அதற்குக் கீழே நான்கைந்து அங்குலமும்தான். வேலைப்பாட்டுக்குச் செலவு செய்வதானால் அந்த விளிம்பிலும் கையிலும் செய்யுங்கள்.

ஆகவே முகூர்த்தப் புடவைக்குப் பின் கழுத்து 7 அங்குலம், பானை வடிவில், அகலம் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். ரிசப்ஷனுக்குக் கொண்டை போடுவாள் அல்லவா, அந்த ப்ளவுஸில் அவள் கேட்கிற ஆழத்தை வைத்துக்கொடுங்கள். அங்கே அது முழுதாகத் தெரியும், அழகாகவும் இருக்கும். இவ்வளவு இறக்கினால் உள்ளாடை போட முடியாது. கப் வைத்துத் தைக்க வேண்டும், மேலே நாடா கட்டாயம். நாடா இல்லாவிட்டால் தோள் இரண்டும் நழுவும், மேடை முழுக்கக் கை அதை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும். முகூர்த்த ப்ளவுஸில் குஞ்சம் வைத்த நாடா வேண்டாம், ஜடைப் பூவில் சிக்கும்.

தைத்து வந்ததும் மகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, சம்மணமிட்டு உட்காரவும், காலில் விழுந்து எழவும், மாலை மாற்றுவதுபோல இரண்டு கையையும் தூக்கவும் சொல்லுங்கள். மூன்றிலும் விளிம்பு உடம்பை விட்டு விலகாமல் இருந்தால் உங்கள் மாமியாரின் கவலையில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதியில் முடிவு மகளுடையது என்றுதான் நான் நினைக்கிறேன். கல்யாணம் அவளுக்கு.

நான் ரொம்ப ஒல்லி. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். மறைக்க வழி உண்டா? (கோத்தகிரி)

போட் நெக், காலர் நெக், கழுத்தை ஒட்டின வட்டக் கழுத்து எல்லாமே உங்களுக்குப் பொருந்தும். ஆழமான யு நெக் மட்டும் வேண்டாம். மார்புப் பகுதி மெலிதாக இருந்தால் துணி உடம்போடு ஒட்டாமல் தூக்கி நிற்கும். ஆனால் அந்த எலும்பை ஏன் மறைக்க வேண்டும்? மெல்லிய ஒரு சங்கிலி அதன் மேல் கிடந்தால் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜனவரி கடைசியில் சர்ச்சில் கல்யாணம். தோள் தெரியும் ஸ்வீட்ஹார்ட் நெக் கவுன் எடுக்க ஆசை. தோள் மூடியிருக்க வேண்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். குளிரை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. (ஊட்டி)

ஃபாதர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருப்பேன். 2,240 மீட்டர் உயரத்தில், ஜனவரியில், காலையில் புல்லெல்லாம் உறைபனி கிடக்கிற ஊர் அது. குளிர்ந்தால் நம்மை அறியாமலே தோளைத் தூக்கிக் குறுக்கிக்கொள்வோம். தோள் இல்லாத கவுனில் அப்படிக் குறுக்கினால் மேல் விளிம்பு கீழே இறங்கும், படத்திலும் கழுத்தே இல்லாததுபோல் இருக்கும்.

நீங்கள் கேட்ட வடிவத்தை விடாமலே இதைச் சரி செய்யலாம். உள்ளே இதயத்தின் மேல்பாதிபோல் வளைந்த அந்த ஸ்வீட்ஹார்ட் வடிவம் அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல் கழுத்து வரை மெல்லிய நெட் வைத்து, அதே நெட்டில் முழுக்கை தைத்து, கழுத்து விளிம்பிலும் மணிக்கட்டிலும் லேஸ் ஓட்டிவிடுங்கள். நெட் உங்கள் தோலின் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளை நெட் நம் நிறத்தின் மேல் சாம்பல் பூத்ததுபோல் காட்டும். கடை விளக்கில் பார்த்து வாங்காமல், துண்டு நெட்டை வாசலுக்கு எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் கழுத்து எலும்பின் மேல் வைத்துப் பாருங்கள். சாஃப்ட் நெட் என்று கேட்டு வாங்குங்கள். பாவாடைக்கு விரிப்புக் கொடுக்கும் கேன்கேன் நெட் கழுத்தில் குத்தும்.

குளிருக்கு உள்ளே தெர்மல் பனியன் போடுவதானால் முன்னும் பின்னும் ஆழமாக வெட்டிய, தோல் நிறத்திலுள்ளதாக வாங்குங்கள். கவுனின் மூடின பகுதி எங்கே முடிகிறதோ அதற்கு ஒரு அங்குலம் கீழேயே அதன் விளிம்பு நிற்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு ஜிப் ஏறாது.

பின் கழுத்தில் பெரிய மணியோ கல்லோ வைக்காதீர்கள். தலையில் போடும் நெட் அதில் மாட்டிக் கிழியும். கவுனுக்குப் பதிலாக வெள்ளைப் புடவை கட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஆரி ஒர்க் முடிந்து ப்ளவுஸ் வந்துவிட்டது. முன் கழுத்து தூக்கி நிற்கிறது, குனிந்தால் உள்ளே தெரிகிறது. இன்னும் பத்து நாள்தான். (கூடலூர்)

பதற வேண்டாம், பத்து நாள் தாராளம். கழுத்து வளைவு துணியின் நெசவுக்குச் சாய்வாக வெட்டப்படுவதால் அந்த விளிம்பு இழுத்தால் நீளும். அதன் மேல் மணியும் ஜர்தோசி என்கிற உலோக நூல் வேலையும் ஏறினால் பாரத்தில் இன்னும் தளரும்.

ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு, தோள் தையலைக் கழுத்துப் பக்கமாக யாரையாவது கிள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். தூக்கல் அடங்கிவிட்டால் கோளாறு தோளில். அங்கே கால் முதல் அரை அங்குலம் பிடித்து, கைப் பக்கம் போகப்போக ஒன்றுமில்லாமல் சரித்துத் தைக்க வேண்டும். தையல் ஓடும் இடத்தில் இருக்கும் மணிகளை முதலில் எடுத்துவிட்டு, நூல் முனையை உள்பக்கம் முடிச்சுப் போட்டுவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெஷின் ஊசி உடையும், வேலையும் அவிழும்.

கிள்ளியும் அடங்காவிட்டால், கழுத்து விளிம்பைவிட அரை அங்குலம் குறைவான பருத்தி டேப்பை உள்பக்கம் வைத்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் அடக்கிக் கையால் தைக்கலாம். எலாஸ்டிக் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். பட்டில் சுருக்கம் விழும்.

இனிமேல் கொடுக்கப்போகிறவர்களுக்கு: ஆரி வேலை வெட்டாத துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கழுத்துக் கோட்டை வரைந்து செய்வது. வேலை முடிந்தபின் அந்தக் கோட்டை மாற்ற முடியாது. ஆகவே முதலில் சாதாரணப் பருத்தித் துணியில் அதே கழுத்தில் ஒரு ப்ளவுஸ் தைத்துப் போட்டுப் பாருங்கள். அது சரியாக இருந்தால் மட்டும் பட்டுத் துணியைச் சட்டத்துக்கு அனுப்புங்கள். மலையிலிருந்து கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ வேலைக்குக் கொடுத்துவிடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கழுத்து ஒரு அங்குலம் தவறினாலும் இறங்கி ஏற ஒரு நாள் போய்விடும்.

தைராய்டு ஆபரேஷன் தழும்பு கழுத்தின் அடியில் கோடாக இருக்கிறது. எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும் என்று அழுகையாக வருகிறது. (தாண்டிக்குடி)

அழ வேண்டாம் கண்ணு. அந்தத் தழும்பு இருக்கும் இடம் நமக்குச் சாதகமான இடம். அட்டிகை சரியாக அங்கேதான் உட்காரும். பட்டையாக, உள்பக்கம் வழவழப்பாக இருக்கிற ஒன்றாகப் பாருங்கள். பின்னால் கட்டும் கயிறு நீளம் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருந்தால், தழும்பின் மேலேயே நிறுத்திக்கொள்ளலாம். ப்ளவுஸ் கழுத்தை யு அல்லது சதுரமாக, தழும்பிலிருந்து நன்றாகத் தள்ளிக் கீழே வையுங்கள். விளிம்பு கிட்டே வந்தால்தான் பார்வை அங்கே போகும்.

ஆபரேஷன் ஆகிச் சில மாதங்கள்தான் என்றால் கனமான நகை உரசலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்றால் காலர் நெக் தைத்து, நீளமான ஆரம் மட்டும் வெளியே போட்டுக்கொள்ளலாம். பட்டுப் புடவைக்கு அது கம்பீரமாக இருக்கும். மறைக்கவே தோன்றாவிட்டாலும் சரி. அது உங்கள் உடம்பு குணமான இடம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தோள் அகலம். ஹாக்கி ஆடின உடம்பு. எந்தக் கழுத்து? (வெலிங்டன்)

வி நெக், அல்லது குறுகலான ஆழமான யு. போட் நெக்கும் பஃப் கையும் தோளை இன்னும் அகலமாக்கும். புடவை மடிப்பைத் தோளின் ஓரத்தில் குத்தாமல் கழுத்துப் பக்கம் நகர்த்திக் குத்துங்கள், அதிலேயே பாதி வித்தியாசம் தெரியும்.

தோடர் பூத்தையலைக் கழுத்தில் வைத்து ரிசப்ஷன் ப்ளவுஸ் தைக்கலாமா? வெள்ளைப் புடவைக்குச் சிவப்பும் கறுப்பும் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. (ஊட்டி)

ரொம்ப நன்றாக இருக்கும். ஆனால் வட்டக் கழுத்தில் வேண்டாம். தோடர் பெண்கள் வரைந்து வைத்துக்கொண்டு தைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி ஓட்டுகிறார்கள். அதனால் எல்லாமே நேர்கோடும் கட்டமுமாக வரும். அதை வளைவாக வெட்டினால் கணக்கு நடுவில் அறுந்துபோகும், ஓரத்தில் நூலும் பிரியும். சதுரக் கழுத்து, போட் நெக், நிமிர்ந்த சீனக் காலர் ஆகிய மூன்றுக்கும் நேர்ப் பட்டையாக அப்படியே வைக்கலாம். சதுரக் கழுத்தில் மூலை வரும் இடத்தில் பட்டையை மடிக்காமல், இரண்டு துண்டாக வைத்துச் சேருங்கள்.

தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளிப் போர்வை பழையது கிடைத்தால் அதை வெட்டாதீர்கள். அந்தப் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மெஷினில் அச்சடித்த நகல்களும் விற்பனைக்கு வருகின்றன. தோடர் பெண்களிடமே உங்கள் அளவைச் சொல்லி, கழுத்துக்கு வேண்டிய அகலத்தில் பட்டையாகக் கேளுங்கள். எண்ணித் தைக்கிற வேலை என்பதால் நேரம் எடுக்கும், கல்யாணத்துக்கு மாதங்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். பட்டை கைக்கு வந்ததும் ஒரு மூலையை ஈர வெள்ளைத் துணியால் ஒற்றி, சிவப்பு இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தைக்கக் கொடுங்கள். உள்ளே லைனிங் கட்டாயம். அடிப்பருத்தி கெட்டியாக இருப்பதால் மெல்லிய பட்டின் மேல் அது தனியாகத் தொங்கும்.