மேட்டில் குந்தியவர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடிய கொரிய வீச்சாளர் பார்க் சான் ஹோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இணையத்தில் தேடினேன். வேறொரு கொரியரின் படம் கண்ணில் பட்டது. கிம் பியோங் ஹியுன். நியூயார்க்கில், பந்து வீசும் மேட்டிலேயே குந்திவிட்டார். படத்தின் கீழே ஒரே கேலி. அவ்வளவு மோசமான வீச்சாளரா அவர்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லவே இல்லை. அந்தக் கேலியை நானும் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது.

குவாங்ஜூக்காரர் அவர். 1999இல், இருபது வயதிலேயே அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கிவிட்டார். தரையை உரசுவதுபோல் கையைத் தாழ்த்தி வீசுவார். அங்கிருந்து பந்து மேலெழும்பி வரும்போது மட்டையாளர்கள் திணறுவார்கள். அவர் ஒரு க்ளோசர். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வீசுபவரைப் போல, முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கடைசியில் வந்து காத்துக்கொடுப்பது அவர் வேலை.

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டிக்கு உலகத் தொடர் என்று பெயர். 2001இல் அதில் நியூயார்க் யாங்கீஸ் அணியோடு நான்காவது ஆட்டம், அக்டோபர் 31. அரிசோனா 3-1 என்று முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் வந்தார் கிம். மூன்று அவுட் விழுந்தால் இன்னிங்ஸ் முடியும், மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் இன்னும் ஒரே ஒரு அவுட் போதும். அப்போது யாங்கீஸின் டினோ மார்ட்டினஸ் கிரிக்கெட் சிக்ஸர் போல வேலிக்கு அப்பால் ஒரு ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமமாக்கினார். பயிற்சியாளர் பாப் பிரென்லி அப்போதும் அவரை மாற்றவில்லை. பத்தாவதிலும் அவரே வீசினார். நள்ளிரவு தாண்டியதும் டெரெக் ஜீட்டர் அடித்த பந்து வேலிக்கு அப்பால் விழுந்தது, ஆட்டம் யாங்கீஸுக்குப் போனது. சியோலில் அப்போது பகல் இரண்டு மணி. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று 60 பந்துகளுக்கு மேல் வீசியிருந்தார். க்ளோசருக்கு அது மிக அதிகம். மறுநாள் இரவே மறுபடி அவரை அனுப்பினார்கள். மறுபடி ஒன்பதாவது இன்னிங்ஸ், மறுபடி இரண்டு அவுட், இந்த முறை ஸ்காட் புரோசியஸ். நீங்கள் பார்த்த படம் அந்தக் கணம்தான். அவருக்கு வயது 22. அது அவருடைய தோல்வி என்பதைவிட அவரை அனுப்பியவர்களின் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தத் தொடரை அரிசோனா 4-3 என்று வென்றது என்பதைக் கேலி செய்பவர்கள் சொல்வதே இல்லை.

பார்க் சான் ஹோவுக்கு அமைந்த காலம் வேறு. 1997இன் இறுதியில் பண நெருக்கடி வந்து கொரியர்கள் வேலையிழந்து நின்றார்கள். காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் அவர் அமெரிக்கர்களை வீழ்த்திக்கொண்டிருப்பார், அதுவே பலருக்கு ஆறுதலாக இருந்தது. அமெரிக்க மேஜர் லீக்கில் 124 வெற்றிகள், அங்கே ஆடிய ஆசிய வீச்சாளர்களில் அதுவே அதிகம். அவரும் அடி வாங்கியவர்தான். 1999இல் ஒரே இன்னிங்ஸில் ஒரே மட்டையாளருக்கு, நான்கு ரன் தரும் ஹோம் ரன்னான கிராண்ட் ஸ்லாமை இரண்டு முறை கொடுத்தார்! ஆனால் அது உலகத் தொடர் இல்லை, அதனால் மன்னித்துவிட்டார்கள்.

கிம் உடைந்துபோவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2002இல் 36 ஆட்டங்களைக் காத்துக்கொடுத்தார், சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் ஸ்டார் அணிக்கும் தேர்வானார். அந்த ஜூன் மாதம், முன்பு குந்திய அதே யாங்கி ஸ்டேடியத்துக்குத் திரும்பி வந்தார். கடைசி அவுட் விழுந்து அரிசோனா ஜெயித்ததும், கைக்கு வந்த பந்தை ஓங்கி வீசி இடது பக்க வேலிக்கு அப்பால் போட்டார். அதையும் தேடிப் பாருங்கள்.