அம்மாவின் 2 லட்சம் காட்டுக்குப் போய்ச் சேர என்ன வழி?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அண்மையில் காலமான என் அம்மா தன் சேமிப்பில் 2 லட்சம் ரூபாயைக் "காட்டு ஜீவன்களுக்குக் கொடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயரில் 1,000 மரக்கன்று நடுவதாக ஒரு அமைப்பு கேட்கிறது. வனத்துறைக்கே கொடுத்துவிடு என்கிறான் தம்பி. அறக்கட்டளைகள் வாங்கும் பணத்தில் பாதி சம்பளத்துக்கே போய்விடுகிறது என்றும் சொல்கிறார்கள். மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. யானைகள் வந்துபோகும் இடம். அதை ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைக்கலாமா? (ஒரு வாசகி, கோவை மாவட்டம்)

பதில்: சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன் அம்மா. நன்கொடை கொடுப்பவர்களில் பாதிப் பேருக்கு இருக்கும் தயக்கம் இது. காட்டு வேலையைப் பொறுத்தவரை இந்தத் தயக்கத்தால் நல்ல அமைப்புகள் பலவற்றுக்கு இழப்பு நேர்கிறது.

வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்கள், நடுவே துண்டு துண்டாகச் சோலைக்காடுகள், சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும். யானைக்கூட்டம் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தோட்டங்களைக் கடந்துதான் ஆகவேண்டும். அங்கே யானையால் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்தபோது ஓர் எளிய உண்மை தெரிந்தது. பெரும்பாலானவர்கள், வழியில் யானை நிற்பது தெரியாமலேயே எதிரில் போய் மாட்டிக்கொண்டவர்கள். மைசூரில் 1996-ல் தொடங்கப்பட்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், யானை இன்று எங்கே நிற்கிறது என்பதை மக்களுக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்தாக ஓடியது. பிறகு கைப்பேசிக் குறுஞ்செய்தி வந்தது. அதன்பின் உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். பக்கத்தில் யானை இருந்தால் கைப்பேசியிலிருந்தே எரியவிடலாம். இந்தப் பணிக்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015-ல் பிரிட்டனின் விட்லி விருது கிடைத்தது. அதை வழங்குவதும் ஓர் அறக்கட்டளைதான். விருதோடு வரும் பணம் களப்பணிக்கே செலவாகவேண்டும்.

இதில் விளக்குக்கும் குறுஞ்செய்திக்கும் ஆகும் செலவு சிறியது. இன்று கூட்டம் எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று மழையிலும் பனியிலும் தேடிப் போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே, அவர்தான் அந்த வேலையின் உயிர்நாடி. பெரும்பாலும் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவராக இருப்பார். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று ஒதுக்கிவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒரு விளக்குக் கம்பம் மட்டும்தான். ஆகவே "சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "யாருடைய சம்பளத்துக்கு? அவர் காட்டில் எத்தனை நாள் இருக்கிறார்? எத்தனை வருடமாக இருக்கிறார்?" என்றும் கேளுங்கள். மாநாட்டுக்கும் விளம்பரத்துக்கும் போகும் பணம் வேறு, இது வேறு.

தம்பி சொல்வதும் தவறில்லை. நிலம், சட்டம், காவல் மூன்றும் அரசிடம்தான் இருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-ல் சேர்த்த 38எக்ஸ் பிரிவின்படி, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை இருக்கவேண்டும். சுற்றுலாக் கட்டணம் கருவூலத்துக்குப் போய்விடாமல் அந்தக் காட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் திரும்பி வர அது வழிசெய்கிறது. அதற்கு நன்கொடையும் கொடுக்கலாம். ஆனால் அரசு கையை நீட்ட முடியாத இடங்கள் சில உண்டு. தனியார் நிலத்துக்குள் உடனே நுழைய முடியாது, பத்து வருடம் ஒரே கேள்வியைத் துரத்திக்கொண்டிருக்க முடியாது, நிதியாண்டு முடிந்தால் திட்டமும் முடிந்துவிடும். சின்னத் தொகையும் நீண்ட பொறுமையும் தேவைப்படும் அந்த இடங்களுக்குத்தான் அறக்கட்டளைப் பணம் போகவேண்டும் என்பது என் கருத்து.

பாறுக் கழுகுகளின் கதையைச் சொன்னால் இது விளங்கும். வெண்முதுகுப் பாறுகள் 1992-லிருந்து பதினைந்தே ஆண்டுகளில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயின. நோயா, நஞ்சா என்று யாருக்கும் புரியவில்லை. பெரெக்ரின் ஃபண்ட் என்ற அறக்கட்டளையின் குழு பாகிஸ்தானில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்து 2004-ல் காரணத்தை வெளியிட்டது. மாடுகளுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபினாக் மருந்துதான் அது. அந்த மாடு செத்தபின் அதன் இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்துபோனது. இந்தியா 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015-ல் அவற்றையும் கட்டுப்படுத்தினார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் தடையாயின.

சட்டம் போட்டது அரசு. ஆனால் கடையில் உண்மையில் எந்த மருந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள், பட்டிக்காரர் செத்த மாட்டைப் புதைக்கிறாரா, காட்டோரம் விடுகிறாரா என்பதெல்லாம் ஊர் ஊராகப் போனால்தான் தெரியும். நம் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன. அங்கே அந்த வேலையைச் செய்துவருவது கோவையைச் சேர்ந்த அருளகம். மருந்துக்கடைக்காரரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசுவதைப் படம்பிடித்துப் போட்டால் நன்கொடை குவியாது. ஆனாலும் பாறு பிழைத்திருப்பதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

இப்போது அந்த 1,000 மரக்கன்றுகள். என்ன மரம், எந்த இடத்தில், மூன்று கோடைக்கு யார் பார்த்துக்கொள்வார், போன வருடம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற நான்கையும் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் கொடுக்காதீர்கள். நீலகிரியிலும் ஆனைமலை உச்சியிலும் இருக்கும் புல்வெளிகளை வெற்றிடம் என்று நினைத்து சீகையையும் (வாட்டில் மரம்) யூகலிப்டஸையும் நட்டார்கள். அதனால் வரையாடு மேயும் நிலம் சுருங்கியது. மரம் நடுவதே தவறாகும் இடங்களும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். நல்ல எடுத்துக்காட்டும் வால்பாறையிலேயே இருக்கிறது. தோட்ட நிறுவனங்களின் வசமுள்ள சிதைந்த சோலைத்துண்டுகளில் உண்ணிச்செடியை அகற்றி, அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நாற்றங்காலில் வளர்த்து நட்டார்கள். 7 முதல் 15 ஆண்டுகள் கழித்து அளந்து பார்த்தபோது, சும்மா விட்ட இடங்களைவிட நட்டுக் காத்த இடங்கள் பழைய காட்டை அதிகம் நெருங்கியிருந்தன. எத்தனை வருடம் என்பதைக் கவனியுங்கள்.

அதனால் தொகையை ஒரே தடவையில் கொடுக்கவேண்டாம். வருடம் 40,000 என்று ஐந்து வருடம் கொடுங்கள். அடுத்த வருடமும் பணம் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு சிறிய அமைப்பால் களப்பணியாளரை நம்பிக்கையோடு வேலையில் வைத்திருக்க முடியும். உங்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. நீங்கள் பழைய வரிமுறையில் இருந்தால், நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவுள்ள அறக்கட்டளைக்குக் கொடுப்பதில் பொதுவாகப் பாதியை, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரையிலான நன்கொடைதான் அந்த ஆண்டுக் கணக்கில் சேரும். வருட வருமானம் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சத்தையும் ஒரே ஆண்டில் கொடுத்தால் 60,000-தான் கணக்கில் வரும், கழிவு 30,000. ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தால் வருடத்துக்கு 20,000 வீதம் மொத்தம் 1 லட்சம். புதிய வரிமுறையில் இந்தக் கழிவு கிடையாது. எதுவானாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே அனுப்புங்கள். வெறும் ரசீது போதாது. 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

முதல் தவணைக்கு முன் ஒரு நாள் நேரில் போய்வாருங்கள். கணக்கு அறிக்கையைவிட அந்த ஒரு நாள் அதிகம் சொல்லும். களப்பணியாளரோடு நடந்து பாருங்கள், ஊர்க்காரரிடம் அவரைப் பற்றி விசாரியுங்கள். "இந்த வருடம் எது சரியாக வரவில்லை?" என்று கேளுங்கள். இதற்கு மறைக்காமல் பதில் சொல்லும் அமைப்பை நான் நம்புவேன்.

கடைசியாக நிலம். 2 லட்சத்தைவிடப் பெரிய கொடை உங்களிடம் அதுதான். யானை வழித்தட நிலத்தைக் காப்பதில் அறக்கட்டளைகளுக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. இந்திய வனவிலங்கு அறக்கட்டளை கர்நாடகத்தின் எடயரஹள்ளி–தொட்டசம்பிகே வழித்தடத்தில் சுமார் 25 ஏக்கரை விலைக்கு வாங்கி வனத்துறையிடம் ஒப்படைத்தது. வயநாட்டின் திருநெல்லி–குட்ரகோட் வழித்தடத்தில், விருப்பப்பட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடும் நிலமும் ஏற்பாடு செய்து, அவர்கள் விட்டுவந்த நிலத்தைக் காட்டோடு சேர்த்தது. ஆனால் எல்லா நிலமும் இதற்கு ஏற்றதல்ல. தனித்துக் கிடக்கும் இரண்டரை ஏக்கரைப் பராமரிக்க ஆள் போடமுடியாமல் ஓர் அறக்கட்டளை திணறலாம். யானைகள் காலங்காலமாகப் போகும் பாதையிலேயே அது இருந்தால் சேதி வேறு. நீலகிரி மாவட்டத்தின் சீகூர் யானை வழித்தட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில், வழித்தடத்தை அறிவித்த தமிழக அரசின் 2010 அரசாணையை உறுதி செய்தது. அங்கே விடுதிகளும் வேலிகளும்தான் யானைகளின் வழியை மறித்தன.

அதனால் இப்போதைக்கு எதையும் எழுதிக் கொடுக்கவேண்டாம். விடுதி கட்டக் கேட்பவருக்கு விற்காதீர்கள், குத்தகைக்கு எடுப்பவர் மின்வேலி போடவும் விடாதீர்கள். பட்டா நகலையும் சர்வே எண்ணையும் எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள். எந்த மாதங்களில் யானை வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று உங்கள் நிலத்தில் வேலை செய்பவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலம் வழித்தடத்தில் வருகிறதா இல்லையா என்று தெரிந்த பிறகு எழுதுங்கள். அறக்கட்டளையோடு எப்படி ஒப்பந்தம் போடுவது என்பதை அப்போது பேசலாம்.